புழுவுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு? புதிதாகக் கோழி வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் தொகுதிக் குஞ்சுகளுக்கு ஐந்தாவது வாரம் நடந்துகொண்டிருந்தபோது எச்சத்தில் ரத்தம் தெரிந்தது. விஷயம் தெரிந்தவர் என்று நான் நம்பிய ஒருவர் ஆன்டிபயாடிக் பொடி ஒன்றைக் கொடுத்து, "தண்ணியில கலந்து மூணு நாள் குடுங்க, நின்னுடும்" என்றார். கொடுத்தேன். நான்காம் நாள் காலையில் பதினோரு குஞ்சுகள் சிறகு தொங்கிச் செத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து வயிற்றைக் கீறிப் பார்த்தேன். சிறுகுடல் பெரிதாக மாறியிருக்கவில்லை. அது பெருங்குடலோடு சேரும் இடத்தில் இரண்டு பைகள் கிளைபோலப் பிரிந்திருக்கும், குருட்டுக்குடல் என்பார்கள். அவை இரண்டும் கருஞ்சிவப்பாக, விரல் தடிமனுக்கு வீங்கியிருந்தன. கத்தி பட்டதும் உறைந்த ரத்தம் கட்டியாக வெளியே வந்தது.

வந்திருந்தது ரத்தக்கழிச்சல். அதை உண்டாக்குவது காக்சிடியா என்ற ஓரணு ஒட்டுண்ணி. நான் கலந்து கொடுத்த பொடி பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. குஞ்சுகளுக்கு இருந்த அவகாசமே அந்த மூன்று நாள்தான். அதைத் தொடர்பில்லாத ஒரு மருந்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் "ஆன்டிபயாடிக்குக்குப் பதில் என்ன?" என்று யாராவது கேட்டால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடற்புழுக்களுக்கு ஆன்டிபயாடிக் எப்போதுமே மருந்தாக இருந்ததில்லை. புழுவுக்குக் கொடுப்பது புழுநீக்க மருந்து; அது வேறு வகை. குழப்பம் வருவது காக்சிடியாவில்தான். சல்ஃபா மருந்துகள் பாக்டீரியாவையும் அடக்கும், காக்சிடியாவையும் அடக்கும். மொனென்சின், சாலினோமைசின் போன்ற, காக்சிடியாவை அடக்கும் அயனோஃபோர் வகை மருந்துகள் பல நாடுகளில் தீவனத்திலேயே கலந்து வருகின்றன. அமெரிக்காவில் இவற்றை ஆன்டிபயாடிக் கணக்கில் சேர்க்கிறார்கள்; ஐரோப்பிய ஒன்றியம் காக்சிடியாவைத் தடுக்கும் தீவனச் சேர்ப்பு என்று தனியே வைத்திருக்கிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதலும் நிறுத்தியபோதும் அங்கே அயனோஃபோர் தொடர்ந்ததற்கு இதுதான் காரணம். ஆக, "ஆன்டிபயாடிக் இல்லாத கோழி" என்று சொல்லி விற்கப் போகிறவர், தன் நாட்டுச் சட்டம் எதை ஆன்டிபயாடிக் என்கிறது என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை: எந்த ஒட்டுண்ணி என்று தெரிந்துகொள்வது

காலையில் கூண்டைத் திறந்ததும் பார்க்க வேண்டியது எச்சம். நல்ல எச்சம் பழுப்போ சாம்பலோ கலந்த கட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்டது போல இருக்கும். அந்த வெள்ளை சிறுநீர் உப்பு. எட்டு, பத்து எச்சத்துக்கு ஒன்று மட்டும் வேறு மாதிரி விழும்: கரும்பழுப்பாக, பசைபோல, கடும் நாற்றத்தோடு. புதியவர்கள் இதைப் பார்த்ததும் கழிச்சல் என்று பதறுவார்கள். அது குருட்டுக்குடல் எச்சம். ஆரோக்கியமான கோழி இடுவதுதான். அவ்வப்போது சிவப்பாகச் சவ்வுத் துணுக்கு விழுவதும் உண்டு. குடலின் உட்தோல் உதிர்கிறது. இரண்டுக்கும் மருந்து தேவையில்லை.

பயப்பட வேண்டியவை வேறு. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக் குஞ்சுகள் சிறகைத் தளர விட்டு, கழுத்தை உள்ளிழுத்து, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு குளிரில் நிற்பது போல நின்றால், எச்சத்தில் ரத்தமோ ஆரஞ்சு நிறச் சளியோ இருந்தால், காக்சிடியாவைச் சந்தேகியுங்கள். கோழியைத் தாக்கும் காக்சிடியா எய்மீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது; அதில் பொதுவாக ஏழு இனங்களைச் சொல்வார்கள். எல்லாம் ரத்தம் காட்டுவதில்லை. டெனெல்லா குருட்டுக்குடலைத் தாக்கி ரத்தம் வரவழைக்கும். அசெர்வுலினா முன்சிறுகுடலில் உட்கார்ந்து, கோழியைக் கொல்லாமல் தீவனத்தை மட்டும் வீணாக்கும். பல பண்ணைகளில் உண்மையான நஷ்டம் இந்த இரண்டாவதால்தான். ரத்தம் தெரியாததால் யாரும் கவனிப்பதில்லை.

புழுக்களின் அடையாளம் இன்னும் மெதுவானது. தீவனம் வழக்கம்போலப் போகும். எடை மட்டும் ஏறாது. கொண்டை வெளிறும், நெஞ்செலும்பு கையில் குத்தும், முட்டை குறையும். பெரிய உருளைப்புழு 5 முதல் 12 செ.மீ. நீளத்துக்கு, வெளிர் மஞ்சளாக, சிறுகுடலுக்குள் நூடுல்ஸ் போலக் கிடக்கும். அதிகமானால் குடலையே அடைத்துவிடும். ஹெட்டராகிஸ் என்ற குருட்டுக்குடல் புழு ஒன்றரை செ.மீ. தாண்டாது. முடிப்புழு என்ற கேப்பிலேரியா கண்ணுக்கே தெரியாத மெலிவு. ஆனால் குடல் சுவரில் துளைத்து நிற்பதால் இந்த மூன்றில் அதிகம் சேதம் செய்வது அதுதான். எச்சத்தின் மேல் அரிசி மணிபோல வெள்ளைத் துண்டுகள் இருந்தால் நாடாப்புழு.

செத்த கோழியைக் குழியில் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். கையுறை, முகக்கவசம், ஒரு கத்தரிக்கோல் போதும். ஆனால் திடீரென்று பல கோழிகள் ஒரே நாளில் செத்தாலோ, தலை வீங்கியோ மூச்சுத் திணறியோ செத்தாலோ திறக்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மற்ற சமயங்களில் குடலை முழு நீளத்துக்கும் கீறி, ஒரு தட்டில் தண்ணீர் விட்டு அதில் அலசுங்கள். உருளைப்புழு மிதந்து நெளியும். குருட்டுக்குடலின் நுனியைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஹெட்டராகிஸ் அங்கேதான் கூடியிருக்கும்.

இரண்டாவது வேலை: எச்சத்தில் உள்ள ஒட்டுண்ணி முட்டைகளை எண்ணிப் பார்ப்பது

இதைச் செய்யாமல் மருந்து கொடுப்பவர்களே அதிகம். அடிப்படையான நுண்ணோக்கி ஒன்று கிடைத்தால் வீட்டிலேயே செய்யலாம். இல்லையென்றால் கால்நடை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். கொட்டகையில் பத்து, இருபது இடங்களிலிருந்து அன்று காலை விழுந்த எச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். பசைபோன்ற அந்தக் குருட்டுக்குடல் எச்சமும் அதில் இருக்க வேண்டும். அதை அருவருத்து விட்டுவிட்டால் டெனெல்லாவும் ஹெட்டராகிஸும் தப்பிவிடும்.

ஒரு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் உப்பைப் போட்டுக் கலக்கி ஆற விடுங்கள். அடியில் கொஞ்சம் உப்பு கரையாமல் தங்கினால் கரைசல் சரி. 4 கிராம் எச்சத்தை 56 மி.லி. கரைசலில் நன்றாகக் கரைத்து, தேநீர் வடிகட்டியில் வடித்து, ஒரு சிறு குழாயில் தளும்பத் தளும்ப ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முட்டைகள் மேலே மிதந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுத்து 100 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். உருளைப்புழு முட்டை வழுவழுப்பான நீள்வட்டம். ஹெட்டராகிஸ் முட்டையும் அச்சு அசல் அப்படியே இருப்பதால் இரண்டையும் பிரிக்க முயன்று நேரத்தைப் போக்க வேண்டாம். கேப்பிலேரியா முட்டைக்கு இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்கும், எலுமிச்சைபோல. காக்சிடியா முட்டை இவற்றைவிட மிகச் சிறிய உருண்டை. நாடாப்புழு இந்த முறையில் சரியாகச் சிக்காது, அதற்குக் கண்தான்.

எண்ணிக்கை வேண்டுமென்றால் மெக்மாஸ்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி கிடைக்கிறது. மேலே சொன்ன அளவில் கரைத்தால், அதன் இரண்டு அறைகளிலும் கண்ட முட்டைகளைக் கூட்டி 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராம் எச்சத்துக்கு இத்தனை முட்டை என்று வந்துவிடும். ஓர் எண் தனியாகப் பெரிதாக எதையும் சொல்லாது. மாதாமாதம் எழுதி வைத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். கொஞ்சம் முட்டை இருப்பது எல்லாக் கோழிக்கும் இயல்பு. பூஜ்யம் நம் இலக்கு அல்ல.

மூன்றாவது வேலை: கூளத்தைக் காய வைப்பது

மாற்று வழி என்றதும் எல்லோரும் ஏதோ ஒரு பாட்டிலைத் தேடுகிறார்கள். மாற்று கால் அடியில், தரையில் பரப்பிய உமி, மரச்சீவல் கூளத்தில் கிடக்கிறது. எச்சத்தோடு வெளியே வரும் முட்டை உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு முதிர அதற்கு ஈரம், வெப்பம், காற்று மூன்றும் வேண்டும், நேரமும் வேண்டும். காக்சிடியாவுக்கு இது ஒன்று, இரண்டு நாள். உருளைப்புழுவுக்கு நல்ல வெப்பத்தில் பத்து நாளிலிருந்து மூன்று வாரம். நாடாப்புழு முட்டையைக் கோழி நேராகத் தின்றாலும் ஒன்றும் ஆகாது. ஓர் எறும்போ வண்டோ ஈயோ அதைத் தின்று, அந்தப் பூச்சியைக் கோழி கொத்த வேண்டும்.

இந்தக் கணக்கு மனதில் நின்றால் எதை எப்போது செய்ய வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எச்சத்தை வாரம் ஒருமுறை வாரினால் உருளைப்புழுவின் சுழற்சி அறுபடும். காக்சிடியாவின் சுழற்சி அறுபடாது, அது இரண்டாம் நாளே முந்திக்கொள்ளும். அதற்கு ஈரத்தைத்தான் பறிக்க வேண்டும்.

கூளத்தில் ஈரம் 20 முதல் 25 சதம் வரை இருக்கலாம். 30-ஐத் தாண்டினால் தொல்லை. கருவி வேண்டாம். ஒரு கை நிறைய அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உடைந்தால் எல்லையில் இருக்கிறது. உருண்டை உடையாமல் கையில் ஈரம் ஒட்டினால் அந்தப் பகுதியை அன்றே அள்ளி வெளியே போட்டு, புது உமியோ மரச்சீவலோ போடுங்கள். சோதனையைக் கொட்டகையின் நடுவில் செய்யாதீர்கள். அங்கே எப்போதும் காய்ந்துதான் இருக்கும். தண்ணீர் பாத்திரத்தைச் சுற்றி, சுவரோரத்தில், சாரல் அடிக்கும் பக்கத்தில் செய்யுங்கள்.

என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை குற்றவாளி தண்ணீர்ப் பாத்திரம். திறந்த பாத்திரமாக இருந்தால் அதன் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும். குஞ்சு வளர வளரத் தூக்கிக் கட்ட வேண்டும். தாழ்ந்திருந்தால் காலால் கிளறும், உள்ளே எச்சமிடும், சிந்தும். நிப்பிள் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் குழாய்முனை) என்றால் கோழி கழுத்தை நீட்டி, தலையை நிமிர்த்திக் குடிக்கும் உயரம். சொட்டும் நிப்பிளை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் அதற்குக் கீழே ஒரு சாண் வட்டத்துக்கு ஈரம் பிடிக்கும். கோழிகளும் அங்கேயேதான் கூடும். பாத்திரத்தைக் கம்பிவலை போட்ட ஒரு மரச்சட்டத்தின் மேல் வைத்தால் சிந்துவது வலைக்குக் கீழே போய்விடும், கோழியின் அலகுக்கு எட்டாது. நான் செய்த மாற்றங்களில் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தந்தது இந்தச் சட்டம்தான்.

கூளத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். மேலே காற்றோட்டம் இருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் அம்மோனியா தேங்கியிருக்கிறது, கூளம் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். இரவில் கோழி உட்காரும் குச்சிகளுக்குக் கீழே ஒரு பலகை போட்டு, விழுந்ததைக் காலையில் வழித்துவிட்டால் கூளத்துக்குப் போகும் எச்சம் நன்றாகவே குறையும்.

ஒரு தொகுதி போய் அடுத்தது வருவதற்குள் கொட்டகையைக் காலி செய்யும்போது ஒரு எச்சரிக்கை. சாதாரணக் கிருமிநாசினிகளும் பிளீச்சும் காக்சிடியா முட்டையின் ஓட்டைத் துளைப்பதில்லை. அதைக் கொல்வது கொதிநீர், நீராவி, நெருப்புப் பீச்சி, நன்றாகக் காய விடுவது, அடர்ந்த அம்மோனியா. அம்மோனியாவைக் காலிக் கொட்டகையில், கதவு ஜன்னல் திறந்து, முகக்கவசத்தோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பிளீச் தெளித்த இடத்தில் அம்மோனியா படவே கூடாது. கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். எனக்குக் கேட்டால், நன்றாகச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, இரண்டு வாரம் வெயில் காற்று படக் காயப் போடுவதே போதும். வாரிய கூளத்தை மக்கப் போடுங்கள். குவியலின் உட்பகுதி 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூன்று நாளாவது நிற்க வேண்டும். வெளிப்பக்கம் சூடாவதில்லை என்பதால் புரட்டிப் போட்டு, வெளியே இருந்ததும் உள்ளே போய்ச் சூடேற விட வேண்டும்.

நான்காவது வேலை: மேய்ச்சல், வயது, பூச்சி

வெளியே விட்டு வளர்ப்பவர்களுக்கு இது கசப்பான செய்தி. உருளைப்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஹெட்டராகிஸ் முட்டை வருடக்கணக்கில். மண்புழு அதைத் தின்று வைத்துக்கொள்ளவும் செய்யும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிவிட்டால் மண் சுத்தமாகிவிடும் என்று நம்பாதீர்கள். இடம் மாற்றுவது முட்டைகள் ஒரே இடத்தில் அடர்வதைக் குறைக்கும், அவ்வளவே. புல்லைக் கட்டையாக வெட்டி வெயில் தரையில் படச் செய்வது அதற்குத் துணை நிற்கும். அடர்த்தி மிக அதிகம் இருப்பது கோழி வெளியே வரும் வாசலடியில். அங்கே சரளைக்கல் பரப்பினால் சேறாகாது.

குஞ்சுகளையும் பெரிய கோழிகளையும் ஒரே இடத்தில் விடாதீர்கள். வளர்ந்த கோழி ஓரளவு எதிர்ப்பு பெற்றிருக்கும். நோய் காட்டாமல் ஒட்டுண்ணி முட்டைகளை மட்டும் எச்சத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கிளறித் தின்னும் குஞ்சுக்கு அந்த எதிர்ப்பு கிடையாது. வேலையையும் குஞ்சுகளிடமிருந்து தொடங்கிப் பெரிய கோழிகளில் முடியுங்கள். திரும்பிப் போவதானால் செருப்பை மாற்றுங்கள்.

வான்கோழியைக் கோழியோடு வளர்க்க ஆசைப்படுபவர்கள் இங்கே நிற்க வேண்டும். ஹெட்டராகிஸ் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஓர் ஓரணு உயிரி பயணம் செய்யும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வான்கோழிக்கு ஈரல் புண்ணாகி, கந்தக மஞ்சளில் கழிந்து, கூட்டமே போய்விடும். கருந்தலை நோய் என்பது இதுதான். அமெரிக்காவில் இதற்கென்று கடைசியாக மிஞ்சியிருந்த நைட்டார்சோன் என்ற மருந்து 2015 முடிவில் விலக்கப்பட்டது. அங்கும் ஐரோப்பாவிலும் உணவுப் பறவைகளுக்கு அனுமதி பெற்ற மருந்து இதற்கு இல்லை. கோழி நின்ற மண்ணில் வான்கோழியை விடாமல் இருப்பதே வழி.

நாடாப்புழு உள்ள இடத்தில் எறும்புப் புற்று, கூள வண்டு, ஈ இவற்றைப் பாருங்கள். சிந்திய தீவனத்தைப் பெருக்கி எடுப்பது பாதி வேலை.

ஐந்தாவது வேலை: காக்சிடியாவுக்குத் தடுப்பு மருந்து

ஆன்டிபயாடிக்குக்கு உண்மையான மாற்று என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது இது. முதல் வணிகத் தடுப்பு மருந்து 1952-இலேயே வந்துவிட்டது. உயிருள்ள காக்சிடியாவைக் கணக்கான சிறு அளவில் கொடுத்துப் பழக்குவதுதான் முறை. குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே தெளிப்பார்கள்; குஞ்சு தன் மேலும் பக்கத்துக் குஞ்சின் மேலும் பட்ட துளிகளைக் கொத்தி விழுங்கும். தண்ணீரிலும் தீவனத்திலும் கொடுக்கும் வகைகளும் உண்டு. குஞ்சு வாங்கும்போதே போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

இதைப் போட்டும் நோய் வந்தது என்று புலம்புபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என்ன தீவனம் போட்டீர்கள்? குஞ்சுத் தீவனம் பலவற்றில் காக்சிடியாவை அடக்கும் மருந்து முன்கூட்டியே கலந்திருக்கும். அது நாம் கொடுத்த உயிருள்ள தடுப்பு மருந்தையும் சேர்த்தே கொன்றுவிடும். சாக்கின் சீட்டைப் படித்து, மருந்து கலக்காததை வாங்குங்கள்.

இன்னொரு தவறு, அளவுக்கு மீறிய சுத்தம். ஒரு முறை விழுங்கினால் எதிர்ப்பு முழுமையாவதில்லை. குஞ்சு எச்சமிட்டு, அது முதிர்ந்து, மறுபடி அதையே கொத்தி, இப்படி இரண்டு மூன்று சுற்று ஓட வேண்டும். மூன்று, நான்கு வாரம் ஆகும். அந்தச் சமயத்தில் கூளத்தை முழுதாக மாற்றினாலோ தூசி பறக்கக் காய வைத்தாலோ சுற்று அறுந்துவிடும். இப்போதுதானே காய வைக்கச் சொன்னேன் என்றால், ஆமாம். தடுப்பு மருந்து பெற்ற குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் 25 சதத்தை ஒட்டிய லேசான ஈரம் இருக்கட்டும், பிறகு காய விடுங்கள். இரண்டு, மூன்றாம் வாரத்தில் கொஞ்சம் மந்தம் தெரியலாம். பதறி மருந்து கலந்தால் எல்லாம் வீண். ஓர் இனத்துக்கு வந்த எதிர்ப்பு இன்னோர் இனத்துக்கு உதவாது. மருந்தில் எந்தெந்த இனங்கள் உள்ளன என்றும் பாருங்கள். 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் உயிர் போய்விடும், தூக்கி எறிய வேண்டியதுதான்.

குடற்புழுக்களுக்கு இப்படி நம்பிப் போடக்கூடிய தடுப்பு மருந்து கைவசம் இல்லை.

ஆறாவது வேலை: தீவனமும் தாவரங்களும்

வைட்டமின் ஏ குறைந்த கோழியை உருளைப்புழு அதிகம் தாக்கும். புரதம் குறைந்தாலும் அப்படியே. வயிறு நிறையச் சத்துள்ள தீவனம் போடாமல் மூலிகை தேடுவது வீண். லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் காக்சிடியா தின்ற குடலைத் தேற்ற உதவும். அந்தப் புண்ணில் புகும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளும். இந்தக் கிளாஸ்ட்ரிடியம்தான் குடல் அழுகல் நோய்க்குக் காரணம். ஆன்டிபயாடிக்குக்கு நியாயமான வேலை வருவது பெரும்பாலும் அங்கேதான். காக்சிடியாவை அடக்கினால் அந்தத் தேவையே வராமல் போகலாம். பீட்டெய்ன் என்ற சேர்ப்பு குடல் செல்கள் நீரை இழக்காமல் தாங்க உதவுகிறது. இவை எதுவும் புழுவை வெளியேற்றாது.

மூலிகைகளைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஓரிகானோ எண்ணெயில் உள்ள கார்வக்ரால், தைமால், மாசிப்பத்திரி இனத்து ஆர்டிமீசியா அன்னுவாவில் உள்ள ஆர்டிமிசினின், யூக்காவின் சபோனின் ஆகியவை காக்சிடியாவின் சேதத்தைக் குறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. பப்பாளிப் பாலில் உள்ள பப்பெய்ன் உருளைப்புழுவின் மேல்தோலைச் செரிக்கும். பூசணி விதை, பூண்டு, வேம்பு பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போவதில்லை. செடிக்குச் செடி வீரியம் மாறுவதால் கைப்பிடி அளவு என்பது அளவே அல்ல. தடுப்பாகக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நோய் வந்த பிறகு இதை மட்டும் நம்பினால், நான் ஆன்டிபயாடிக்கில் இழந்த அதே மூன்று நாளை நீங்கள் பூண்டில் இழப்பீர்கள். ஆப்பிள் வினிகர் புழுவை ஒன்றும் செய்யாது. துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் ஊற்றினால் உலோகம் கரைந்து கோழிக்கு விஷமாகும். டயட்டம் மண்ணின் தூள் காய்ந்திருக்கும்போதுதான் பூச்சியின் தோலைக் கீறும். குடலில் நனைந்தபின் அதற்கு அந்தக் கூர்மை ஏது? தூசியோ நம் நுரையீரலுக்கும் கோழியின் நுரையீரலுக்கும் கெடுதல். புகையிலையும் பாக்கும் புழுவை முடக்கும் என்பது உண்மை. கோழியையும் முடக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஏழாவது வேலை: வந்தே விட்டால்

ரத்தம் தெரிந்த அன்றே மருந்து வேண்டும். ஆன்டிபயாடிக் அல்லாத ஆம்ப்ரோலியம் இருக்கிறது. அது வைட்டமின் பி1 போலவே உருக்கொண்டு, காக்சிடியாவுக்கு அந்த வைட்டமின் கிடைக்காமல் செய்துவிடும். வழக்கமான அளவு லிட்டர் தண்ணீருக்கு 120 மி.கி., கடுமையாக இருந்தால் 240 மி.கி., மூன்றிலிருந்து ஐந்து நாள். பிறகு 60 மி.கி. வீதம் ஒன்று, இரண்டு வாரம். இது மருந்தின் எடை, பொடியின் எடை அல்ல. உங்கள் பாக்கெட்டில் எத்தனை சதம் என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். அந்த நாட்களில் "சோர்வாக இருக்கிறதே" என்று பி வைட்டமின் டானிக் ஊற்றாதீர்கள். மருந்தை நீங்களே முறிக்கிறீர்கள். ரத்தம் உறைய வைட்டமின் கே கொடுக்கலாம். நோயுற்ற கோழி தின்னாது, ஆனால் குடிக்கும். எனவே மருந்து தண்ணீரில்தான். வேறு தண்ணீர் கண்ணில் படக்கூடாது.

அயனோஃபோர் தீவனத்தில் இருக்கும் கோழிக்கு வேறெதற்காகவோ டியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் இரண்டும் மோதிக் கோழி சாகும். மொனென்சின் கலந்த தீவனத்தைக் குதிரை தின்றால் குதிரை சாகும். தீவனச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

புழுவுக்கு ஃபென்பெண்டசோல்: உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மி.கி., தண்ணீரில், தொடர்ந்து ஐந்து நாள் என்பது கோழிக்கென்று அனுமதி பெற்ற நீர்மருந்தின் அளவு. பத்துப் பதினைந்து கோழிகளையாவது எடை போட்டுச் சராசரி எடுங்கள். கண்ணளவில் போட்டால் குறைவாகவே போகும், குறைவான அளவு புழுவுக்குப் பயிற்சி கொடுப்பது போல. பைப்பரசின் முதிர்ந்த பெரிய உருளைப்புழுவை மட்டும் தள்ளும்; இளம்புழுவும் மற்ற இனங்களும் அப்படியே நிற்கும். நாடாப்புழுவுக்கு பிராசிகுவாண்டல், மருத்துவர் சொல்லித்தான். முட்டை, இறைச்சியை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து, நாட்டுக்கு நாடு மாறும். லேபிளில் இருப்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மருந்து கொடுக்கத் தொடங்கும் நாள் காலையில் ஒரு மாதிரி எண்ணியிருக்க வேண்டும். முடிந்து பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் இன்னொன்று. முன்பு 800 இருந்து இப்போது 40 என்றால் 95 சதம் குறைந்திருக்கிறது. மருந்து வேலை செய்தது. 800 இருந்தது 200 ஆனால் 75 சதம்தான். 90-க்குக் கீழே வந்தால் முதலில் அளவு குறைந்ததா, எல்லாக் கோழியும் குடித்ததா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் அந்தப் புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. அதையே இரட்டிப்பாக்காமல் வேறு வகைக்கு மாற்ற மருத்துவரிடம் அந்த இரண்டு எண்களோடு போங்கள். மருந்து நன்றாக வேலை செய்திருந்தாலும், பழைய கூளத்தில் முதிர்ந்த முட்டைகள் அப்படியே கிடக்கும். உருளைப்புழு உள்ளே போய் மறுபடி முட்டையிட ஐந்திலிருந்து எட்டு வாரம். ஆகவே மருந்து முடிந்த மறுநாள் கூளத்தை வாரிவிட்டு, எட்டாவது வாரத்தில் உப்புக் கரைசலை மறுபடி எடுங்கள்.